அடுத்த மாநாட்டுக்குப் பிள்ளைகளின் படங்களையும் அழையுங்கள்

காட்சிக் கலை ஆசிரியர் மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

மாநாடு முடிந்த மாலை வாசலில் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தீர்கள். அரங்கம் எப்படி, ஒலி எப்படி, உரைகள் பயன்பட்டனவா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 5 கட்டங்கள். கடைசியில் ‘மேம்படுத்த வேண்டியவை’ என்று தலைப்பிட்டு இரண்டே கோடு. எல்லாவற்றுக்கும் 4-ஐ டிக் அடித்து, அந்த இரண்டு கோட்டையும் காலியாக விட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களில் நானும் ஒருத்தி. சொல்ல ஒன்றும் இல்லாததால் விடவில்லை. இரண்டு கோட்டில் அடங்காது என்பதால் விட்டேன்.

ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மைக் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. தலைமை உரை சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, அதிசயமாக, சொன்ன நேரத்துக்கே முடிந்தது. முதல் முறை வந்த இளம் ஆசிரியர்களைத் தனியாக வரவேற்று, அவர்களோடு பேச ஆள் வைத்திருந்தீர்கள். 19 வருடத்துக்கு முன்னால் எனக்கு அப்படி யாரும் வைக்கவில்லை.

என் குறை வேறு. இரண்டு நாள், நூற்றுக்கணக்கான ஓவிய ஆசிரியர்கள், காலையிலிருந்து மாலை வரை அமர்வுகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை வரைந்த ஒரு படத்தை நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து 10 நிமிடம் பார்க்கவில்லை.

‘ஸ்லைடில் காட்டினோமே’ என்பீர்கள். காட்டினீர்கள். பரிசு வாங்கியவை, சட்டம் போட்டவை, ஊர் பார்க்கத் தலை வாரி நிறுத்தியவை. ஒன்றுக்கு 5 விநாடி. அரங்கம் ‘ஆஹா’ என்றது, அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. என் வகுப்பில் அப்படிப்பட்ட படம் வருடத்துக்கு நாலைந்து வந்தால் பெரிது. மீதி நூற்றுக்கணக்கான படங்கள் வேறு மாதிரி: பாதியில் நின்றவை, அழித்து அழித்துக் கறுத்தவை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் போட்டவை, ‘டீச்சர், எனக்கு வரையவே வராது’ என்று கவிழ்த்துக் கொடுத்தவை. என் வேலை முழுக்க இந்த மீதியோடுதான். மருத்துவர்கள் கூடினால் புரியாத எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு ‘இது என்னவென்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். குணமானவர்களின் புகைப்படத்தை மட்டும் காட்டிக் கலைவதில்லை.

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

என் பையில் ஒரு படம் இருந்தது. 11 வயதுப் பெண் ஒருத்தி தன் இடது கையைப் பார்த்து வரைந்தது. பென்சில், சாதாரண நகல் தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பத்துக்கு 6 போட்டிருந்தேன். ‘தூய்மை’ என்று என் மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு. அதில்தான் கைவைத்தேன். போட்ட பிறகு ஏனோ மனம் ஒப்பவில்லை. அதனால்தான் அது திருப்பிக் கொடுக்கப்படாமல் பையிலேயே கிடந்தது.

பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் பேச்சோடு பேச்சாக எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்த உடனே, ‘ரப்பரைப் பிடுங்கி வெச்சுக்கணும். முதல் மாசம் யாருக்கும் ரப்பரே கொடுக்கக் கூடாது’ என்றார். இதைக் கேட்டு இன்னொருவர் திரும்பினார். அவர் படத்தை வாங்கி ஜன்னலோரமாகக் கொண்டுபோனார். அரங்கத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தாளைச் சாய்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது: அழித்த கோடுகள் எல்லாம் தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தன. எண்ணிப் பார்த்தோம், ஒன்பது. ஒன்பது முறை அந்த ஒரு வளைவை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாள். மற்ற நான்கு விரல்களைப் பாருங்கள் என்றார் அவர். ஒரே இழுப்பு, திருத்தமே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் போடுகிற குச்சி விரல்கள்.

மூன்றாவதாக வந்தவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ‘விரல்களை அவள் பார்க்கவே இல்ல. தெரிஞ்சதைப் போட்டிருக்கா. பார்த்தது இந்த ஓட்டை விழுந்த இடத்தை மட்டும்தான்.’

அதற்குள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். ரப்பரைப் பிடுங்கச் சொன்னவர் தன் பேச்சை மாற்றிக்கொண்டார், ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. ரப்பர் இல்லாமல் இருந்தால் அந்த ஒன்பது கோடும் தாளிலேயே தெரிந்திருக்குமே, அதுவே ஒரு படமாக இருந்திருக்குமே என்றார். நியாயம்தான். தாளைத் தடவிப் பார்த்த இன்னொருவர், ‘70, 80 ஜிஎஸ்எம் மெல்லிசுத் தாள் எத்தனை தரம் தேய்ப்பைத் தாங்கும்? தப்பு பிள்ளை மேலயா, தாள் மேலயா?’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தாளைக் கொடுத்தவள் நான். தாங்காத தாளைக் கொடுத்துவிட்டு, ஓட்டை விழுந்ததற்கு மதிப்பெண் குறைத்தவளும் நான்.

20 நிமிடம் போனதே தெரியவில்லை. உங்கள் தன்னார்வலர் வந்து, அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது, எல்லோரும் உள்ளே போங்கள் என்று விரட்டினார். உள்ளே ‘மாணவர் படைப்பை உற்றுநோக்குதல்’ என்ற தலைப்பில் உரை ஓடிக்கொண்டிருந்தது. அறை இருட்டு. திரையில் அம்புக்குறிகள். கேலிக்காகச் சொல்லவில்லை, உரையாளர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் நாங்கள் ஐந்து பேரும் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தோம். நோக்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு உற்றுநோக்குதல் பற்றிக் கேட்க வந்திருந்தோம்.

பிள்ளைகளின் படங்களை ஆராயும் துறையின் தொடக்கத்திலேயே இப்படி ஒதுங்கி நின்ற ஒருவர் இருக்கிறார். 1882-83 குளிர்காலத்தில் கொராடோ ரிச்சி என்ற இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் பொலோனியா நகரில் மழைக்கு ஒரு வளைவு மண்டபத்தில் ஒதுங்கினார். நேரம் போகாமல் சுவரைப் பார்த்தார். பிள்ளைகள் கிறுக்கிய படங்கள். கையெட்டும் உயரத்தை வைத்தே கீழே இருப்பவை சிறியவர்கள் போட்டவை, மேலே இருப்பவை பெரியவர்கள் போட்டவை என்று பிரித்துப் பார்த்தார். குழந்தை ஓவியம் பற்றி 1887ல் அவர் வெளியிட்ட சிறு நூல் இந்தத் துறையின் முதல் நூல்களில் ஒன்று. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஹென்றி லுக்கே தன் மகளின் படங்களை வரைந்த வரிசையிலேயே சேர்த்துவைத்து 1913ல் ஆய்வாக வெளியிட்டார். அமெரிக்க மழலையர் கல்வியாளர் ரோடா கெல்லாக் பத்து லட்சத்துக்கும் மேல் குழந்தைப் படங்களைத் திரட்டி, கிறுக்கல்களில் மட்டும் 20 அடிப்படை வகைகளைப் பிரித்தார். இவர்கள் யாரும் முதலில் கொள்கை வைத்துக்கொண்டு பிறகு படத்தைத் தேடவில்லை. கையில் கிடைத்ததைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மேசையை மேலிருந்து பார்த்த மாதிரி சதுரமாகப் போட்டு, நான்கு கால்களையும் நான்கு பக்கம் விரித்துவிடும் படம் உங்களில் எல்லோரும் பார்த்ததுதான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் மல்லாந்து படுத்திருப்பார்கள். 6, 7 வயதில் அப்படித்தான் வரும். கண்ணுக்குத் தெரிவதைவிட மனதுக்குத் தெரிவதைப் பிள்ளை போடுகிறது என்று லுக்கே விளக்கினார். மேசைக்கு நாலு கால், நாலும் தெரிந்தாக வேண்டும். இதைப் படித்த ஆசிரியர்கூட வகுப்பில் அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ‘பெர்ஸ்பெக்டிவ் தப்பு, பார்க்கும் கோணமே சரியில்லை’ என்று சொல்லிவிடுகிறார். நானே சொல்லியிருக்கிறேன். படித்தது ஒரு மூளையில், வாங்கிய தாள் ஒரு கையில். இரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் மாநாடு என்று நினைத்துத்தான் நாங்கள் விடுப்பு எடுத்து வருகிறோம்.

கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947ல் வகுத்த குழந்தை ஓவிய வளர்ச்சிக் கட்டங்களை மட்டும் இந்த மாநாட்டில் மூன்று உரைகளில் பார்த்தேன், ஒரே அட்டவணை. 9 வயதுக்குப் பிறகு பிள்ளைக்குத் தன் படம் ‘நிஜம் மாதிரி’ இல்லை என்பது உறைக்கத் தொடங்கும் என்பது அதில் வருகிறது. சரி. அந்த உறைப்பு தாளில் எப்படித் தெரியும்? ரப்பரில் தெரியுமா, கோட்டின் அழுத்தத்தில் தெரியுமா, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து வரைவதில் தெரியுமா? மூன்று உரையாளர்களில் ஒருவர் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து சுற்றுக்கு விட்டிருந்தால் போதும்.

பட்டறைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போன பட்டறையில் அட்டையில் ஒரு ஆந்தை செய்தோம். இரண்டு மணி நேரம், 40 பேர், 40 ஆந்தை. சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் என் கையில் பசை ஒட்டியது அங்கே மட்டும்தான். ஆனால் எங்கள் 40 ஆந்தைகளையும் மேசையில் வைத்தபோது எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை எத்தனை பள்ளிகளில் எத்தனை ஆயிரம் ஆந்தைகள் பிறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபிரான்ஸ் சிசெக் 1897ல் வியன்னாவில் பிள்ளைகளுக்கென்றே தனி ஓவிய வகுப்பு தொடங்கியவர். பிள்ளைகளைச் சுதந்திரமாக விட வேண்டும் என்று உலகுக்கே சொன்னவர். அவருடைய மாணவர்களின் படங்கள் வெளிநாடுகளுக்குப் போய்ப் பெரிய பேர் வாங்கின. ஆனால் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்த பிற்கால விமர்சகர்கள் எல்லாவற்றிலும் ஒரே சாயல் அடிக்கிறதே என்று கேட்டார்கள். சுதந்திரம் என்று சொன்ன வகுப்பிலும் ஆசிரியரின் விரல்ரேகை பதிந்திருக்கிறது. சிசெக்குக்கே அப்படி என்றால் நமக்கு? என் வகுப்பு 40 படத்திலும் வானம் மட்டும் ஒரே மாதிரி இருந்தால் அது எனக்குத் தெரியாது. நான் அந்த வானத்துக்குக் கீழேதான் தினமும் நிற்கிறேன். வெளியூர் ஆசிரியர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

எனவே கேட்கிறேன். அடுத்த மாநாட்டில் ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு அமர்வு, உரையாளர் இல்லாமல் கொடுங்கள். மேசைக்கு ஆறு பேர். ஆளுக்கு மூன்று படம் கொண்டுவர வேண்டும். நல்ல படம் கொண்டுவரக் கூடாது என்று பதிவுப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். நமக்குப் பிடிபடாத படம், மதிப்பெண் போட்டுவிட்டு உறுத்திய படம், அப்படி.

எப்படி நடத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வு மையத்தில் ஸ்டீவ் சைடெலும் சக ஊழியர்களும் 1988ல் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. படத்தைக் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளையின் வயது, வீட்டு நிலைமை, கொடுத்த பாடம் எதையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் முதலில் தாளில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும்: இந்த மூலையில் கோடு அழுத்தமாக இருக்கிறது, சிவப்பு இரண்டு இடத்தில் மட்டும் வருகிறது, இப்படி. ‘அழகு’, ‘சரியில்லை’ என்று யாராவது ஆரம்பித்தால், தாளில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நடத்துபவர் கேட்பார். பிறகு மனதில் எழும் கேள்விகள். பிறகு, இந்தப் பிள்ளை எதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது என்ற ஊகம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கொண்டுவந்தவர் பேசலாம். ஜன்னலோரத்தில் நாங்கள் அரைகுறையாகச் செய்தது ஏறக்குறைய இதைத்தான். ஒரு வித்தியாசம், நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ‘அவ எப்பவும் இப்படித்தான், பயந்த பொண்ணு’ என்று நடுவில் சொல்லிவிட்டேன். உடனே இருவர் படத்தை விட்டுவிட்டுப் பயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதை மீட்டுக்கொண்டுவரவே ஐந்து நிமிடம் பிடித்தது.

மாநாட்டு மேடைக்கு இது புதுமையாகத் தெரிந்தாலும் ஆசிரியத் தொழிலுக்குப் புதிதில்லை. ஜப்பானில் ‘பாட ஆய்வு’ என்று நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ஒருவர் பாடம் நடத்துவார், சக ஆசிரியர்கள் வகுப்பிலேயே நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, பிறகு உட்கார்ந்து அந்த ஒரே பாடத்தைப் பேசுவார்கள். நாமும் அந்த அளவுக்குப் போனால் நல்லதுதான். இப்போதைக்குத் தாளோடு தொடங்கலாம்.

நேரம் மிஞ்சினால் மதிப்பெண்ணையும் ஒரு கை பார்க்கலாம். ஒரே படத்துக்கு ஆறு பேரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகு திறந்து பாருங்கள். நாலும் வரும், எட்டும் வரும். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து இதில் எதில் கவனித்துப் பார்த்த அடையாளம் அதிகம் என்று கேட்டால் சண்டை குறையும், பேச்சு கூடும் என்பது என் கணிப்பு. இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டுச் சொல்லும் தீர்ப்புகளை வைத்தே ஓர் அளவுகோலைக் கட்டலாம் என்று லூயி தர்ஸ்டோன் என்ற உளவியலாளர் 1927லேயே காட்டிவிட்டார். நாம்தான் இன்னும் ‘தூய்மைக்கு 2’ என்று போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் குழுவில் என்ன மறுப்பு எழும் என்று எனக்குத் தெரியும். நானும் பள்ளிக் கமிட்டிகளில் இருந்தவள்தான்.

பிள்ளைகளின் அந்தரங்கம் என்பீர்கள். சரியான கேள்வி. படம் வரைந்த பிள்ளைக்குத்தான் சொந்தம், நமக்கு இல்லை. பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டு வாங்க வேண்டும், பெயரும் பள்ளியும் மறைய வேண்டும், யாரும் போனில் படம் பிடிக்கக் கூடாது, முடிந்ததும் அசல் தாள் பிள்ளையிடம் திரும்பிப் போக வேண்டும். இதை எழுதி ஒரு பக்கத்தில் அனுப்பினால் நாங்கள் பின்பற்றுவோம். கேட்டபோது வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் படம் வராது, அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் கூச்சப்படுவார்கள் என்பீர்கள். படுவார்கள். தன் வகுப்பின் மோசமான படத்தை மற்றவர் முன் வைப்பது தன் சமையலறையைத் திறந்து காட்டுகிற மாதிரி. அதற்கு ஒரே வழி, முதல் மேசையில் முதல் படத்தை நீங்கள் வைப்பது. குழுவில் இருக்கும் மூத்தவர்களும் தலைமை உரை ஆற்றியவரும் வைத்தால் மற்றவர்களுக்குக் கை தானாக வரும்.

அரங்குக்கு வெளியே கடை போடும் வண்ண நிறுவனங்கள் நேரம் கேட்கும் என்பதும் தெரியும். அவர்கள் வரட்டும், மாதிரி பிரஷ் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் இடைச்செருகலாகச் சொல்லிவைக்கிறேன்: களிமண் விற்ற கடைக்காரர், சிந்திய பொடியைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். உலர்ந்த களிமண் தூசியில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. ஈரத் துணியால் துடைக்க வேண்டுமே தவிரப் பெருக்கிப் பறக்கவிடக் கூடாது. ஓவிய ஆசிரியர்கள் இத்தனை பேர் அந்தத் தூசியைத் தாண்டித் தாண்டிப் போனோம். யாரும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்து. அதற்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கினாலும் வீண் போகாது. எண்ணெய் வண்ணத்துக்குத் துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கவில்லையே. ஊருக்குத் திரும்பியதும் கனமான தாள் ஒன்றைக் கொடுத்து, அந்த ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் தாள் நிறையப் பெரிதாக வரையச் சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்து, ‘விரல் வேண்டாமா, டீச்சர்?’ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு வகுப்பு நேரம் எடுத்துக்கொண்டாள். தோல் மடிப்பு மூன்று, நடுவில் ஒரு குழி, ஓரத்தில் கட்டைவிரலின் தொடக்கம். பார்த்தால் கை என்றே தெரியாது, ஏதோ மணல்மேடு மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் அடுத்த மாநாட்டுக்குக் கொண்டுவரப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள், ஆனால் பழைய படத்தைக் காட்டக் கூடாதாம். இங்கே அதை எழுத மட்டும் அனுமதி வாங்கினேன்.

மேசைகளைப் போட ஆள் போதவில்லை என்றால் முந்தின நாள் மாலையே வந்துவிடுகிறேன். அந்த ஜன்னலோரத்து நால்வரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சின்ன வேண்டுகோள்: அந்த அறைக்கு மட்டும் மஞ்சள் அலங்கார விளக்கு வேண்டாம், அதில் நீலமெல்லாம் செத்துப்போகிறது. 5000 கெல்வின் அளவில், பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை விளக்கு கிடைத்தால் நல்லது. கூடவே மேசைக்கு ஒன்றாகக் கழுத்து வளையும் சிறு விளக்கும் வையுங்கள், பக்கவாட்டில் பிடித்து அழித்த கோடுகளைப் பார்க்க.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓவிய ஆசிரியை